தத்தகாரத்துக்கு வார்த்தை தருபவர்கள்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கும் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சினிமாப் பாட்டில் மெட்டு முதலில் பிறக்கிறதா, வார்த்தை முதலில் பிறக்கிறதா என்பது ஒன்று. மெட்டுத்தான் முதலில் என்றால், ஏற்கெனவே போட்டு வைத்த மெட்டுக்கு வார்த்தைகளை இட்டு நிரப்புகிறவரைக் கவிஞர் என்று அழைப்பது எந்த விதத்தில் நியாயம் என்பது மற்றொன்று. முதற்கேள்வி உலகத்திலுள்ள எல்லாப் பாடலாசிரியர்களிடமும் எல்லா நிருபர்களும் சலிக்காமல் கேட்டு வருவது. ஸாமி கான் என்ற அமெரிக்கப் பாடலாசிரியர், மெட்டும் முதலில் வருவதில்லை, வார்த்தையும் முதலில் வருவதில்லை, பாட்டு வேண்டும் என்று கூப்பிடும் தொலைபேசி மணிதான் முதலில் வருகிறது என்று வேடிக்கையாகப் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வாராம். இரண்டாவது கேள்வியில் தொனிக்கும் அலட்சியம் அப்படித் தப்பித்துக்கொள்ளக் கூடியதாக இல்லாமையால், அதைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

இரண்டு வழிகளும் எங்கும் உண்டு. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் என்ற ஒரே இசையமைப்பாளர், லாரன்ஸ் ஹார்ட்டுடன் கூடி இருபது வருஷங்களுக்கு மேல் வேலை செய்தபோது பெரும்பாலும் மெட்டை முதலில் போட்டுக் கொடுத்தார். 1943-க்குப் பிறகு ஆஸ்கார் ஹாமர்ஸ்டைனுடன் சேர்ந்தபோது, அவர் எழுதித் தந்த வரிகளைப் பியானோவின் மேல் வைத்துக்கொண்டு பெரும்பாலும் அவற்றுக்கே மெட்டமைத்தார். மனிதர் ஒருவரே, முறைதான் மாறியது. இரண்டு முறையிலும் அமரமான பாட்டுக்கள் பிறந்தன.

நம் நாட்டிலும், மெட்டுக்குப் பாட்டு எழுதுவது சினிமா கொண்டுவந்த சாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பழைய நாடகப் பாட்டுப் புத்தகம் எதையாவது புரட்டிப் பார்த்தால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டிருக்கும். பாரதியாரே தம் தேசியப் பாட்டுக்கள் சிலவற்றுக்கு நந்தனார் சரித்திரத்து மெட்டுக்களைக் குறித்திருக்கிறார். அதனால் அவருடைய கவித்துவம் குறைந்து போயிற்று என்று எவரும் சொல்லத் துணியவில்லை. 1931-இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தபோது, அதற்குப் பாட்டு எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் அந்த நாடக மேடையிலிருந்து வந்தவர்தான். பின்னால் பாபநாசம் சிவன், ஸாஹித்யமும் மெட்டும் தம்மிடத்திலேயே ஒருங்கே பிறக்கும் பாக்கியம் பெற்றவராக இருந்து, 'சிவகவி', 'ஹரிதாஸ்' முதலிய படங்களின் வாயிலாகக் கச்சேரிச் சங்கீதத்தை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மெட்டுப் போடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர் என்று ஆனபிறகு, இருவருக்கும் நடுவே ஒரு பொதுப் பாஷை வேண்டியிருந்தது. அந்தப் பாஷைக்குத்தான் தத்தகாரம் என்று பெயர்.

ஹார்மோனியத்தின் முன் உட்கார்ந்திருக்கும் இசையமைப்பாளர் 'தானன தானன' என்று அர்த்தமில்லாத அசைகளால் மெட்டைப் பாடிக் காட்டுகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த அசைகள் இருந்த இடத்தில் அர்த்தமுள்ள சொற்களைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மேல்நாட்டிலும் இதற்கு ஈடான தாற்காலிக வார்த்தைகள் உண்டு. 1965-இல் வெளிவந்து உலகப் பிரசித்தி அடைந்த 'யெஸ்டர்டே' என்ற பாட்டின் மெட்டு மனத்தில் உதித்தபோது, பால் மக்கார்ட்னி அதை மறந்து போகாமலிருப்பதற்காகக் கிண்டிய முட்டையைப் பற்றிய அசட்டு வார்த்தைகளை வைத்துப் பாடிக்கொண்டிருந்தார் என்பது அவரே சொன்ன விஷயம். நம்முடைய தத்தகாரம் அவ்வாறு கைக்குக் கிடைத்ததை வைத்துத் திணிப்பதன்று. அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு சினிமாவைவிட நானூறு ஐந்நூறு வருஷங்களாவது மூத்தது.

திருப்புகழ்ப் பதிப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'தனன', 'தத்தன', 'தந்தன' என்ற அசைகள் வரிசையாக அச்சிட்டிருக்கும். சந்தக் குழிப்பு என்று அதற்குப் பெயர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதரின் பாட்டுக்களை ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் தேடி, 1894-இல் முதற்பாகத்தை அச்சிட்ட வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளையின் பெரும்பணியால் அந்தச் செல்வம் நம் கைக்கு வந்து சேர்ந்தது. 'தன' என்று இருந்தால் இரண்டு குறில், 'தான' என்றால் நெடிலை அடுத்துக் குறில், 'தத்த' என்றால் குறிலை அடுத்து வல்லொற்று, 'தந்த' என்றால் மெல்லொற்று. 'சட்டமும்' என்ற சொல் 'தத்தன' என்ற குழிப்பில் அமரும். 'சங்கமும்' என்பதற்கு 'தந்தன'தான் இடம். ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்தால் வண்ணம் பிழைத்தது என்பார்கள் இலக்கணம் அறிந்தவர்கள். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் இதற்கென்றே 'வண்ணத்தியல்பு' என்று ஓர் இலக்கணமும் இயற்றி வைத்தார். சினிமா மெட்டு அவ்வளவு கண்டிப்பாக வல்லினம் மெல்லினம் பார்ப்பதில்லை என்றாலும், குறிலும் நெடிலும் நிற்க வேண்டிய இடத்தைப் பற்றி அதுவும் கண்டிப்பாகவே இருக்கிறது. ஆகவே அன்பரின் இரண்டாவது கேள்விக்கு முதல் விடை இதுதான்: முன்னமே வகுத்த சந்தத்துக்குள் சொல்லை அமர்த்துவது கவித்துவக் குறைவு என்றால், அருணகிரிநாதரையும் நாம் கவிஞர் வரிசையிலிருந்து நீக்கிவிட வேண்டியதாகும்.

இளமையில் நான் ஒரு வாரப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையிலிருக்கும் ஸ்டிக்கில் அடுக்கும் கம்பாசிட்டருக்கு வரியின் அகலம் முன்னாலேயே நிர்ணயமாகியிருக்கும். வார்த்தைகளுக்கு நடுவே ஸ்பேஸைக் கூட்டியும் குறைத்தும் அவர் சமாளிப்பார். எப்படியும் அடங்காத வரி வந்துவிட்டால் ஸ்டிக்கோடு எழுந்து வந்து, "சார், இங்கே கொஞ்சம் சின்ன வார்த்தையாக ஒன்று கொடுங்கள்" என்பார். நான் யோசித்துக் கொடுத்த சின்ன வார்த்தை, பத்துக்கு ஆறு தடவை, கட்டுரையாசிரியர் எழுதியிருந்த பெரிய வார்த்தையைவிட நன்றாகவே இருந்தது. அளவு என்பது சொல்லுக்கு விலங்கு மட்டுமன்று, பல சமயங்களில் அதுவே நல்ல ஆசானுமாகும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த ஈயப் புழுதியில்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இசையமைப்பாளர் 'தானன தானன தானானா' என்று பாடிக் காட்டியதாக வைத்துக்கொள்வோம். கதாநாயகி நீர்நிலை ஒன்றின் கரையில் நின்றுகொண்டு, அங்கே நீந்தும் வாத்தைப் பார்த்துப் பாடுகிறாள். 'ஏரியில் ஆடிடும் தாராவே' என்று நான் எழுதினால், அதில் கவிதை இருக்கிறதோ இல்லையோ, நெடிலும் குறிலும் தத்தமக்குரிய ஸ்தானத்தில் உட்கார்ந்துவிடும். ஏரி வேண்டாம், கதையில் வருவது குளம்தான் என்று டைரக்டர் சொல்கிறார். 'குளத்தில் ஆடிடும் தாராவே' என்று மாற்றினால், மெட்டு நெடிலை எதிர்பார்க்கும் முதலிடத்தில் 'கு' என்ற குறில் வந்து நிற்கிறது. பாடுகிறவர் மெட்டுக்காக அதை நீட்டுவார். நீட்டியவுடன் குளம் கூளமாகிவிடும், வாத்து குப்பையில் ஆடத் தொடங்கிவிடும். அதேபோல ஏரியைக் குறுக்கினால் எரியாகும், மாலையைக் குறுக்கினால் மலையாகும், படத்தை நீட்டினால் பாடமாகும். உயிரெழுத்தின் கால அளவு மாறினால் அர்த்தமே மாறிவிடுகிற தமிழில் மெட்டுக்கு எழுதுவது எத்தகைய கம்பிமேல் நடை என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். இதற்கு மேலும் ஒரு கஷ்டத்தைச் சுமந்தவர்கள் இந்திப் படங்களைத் தமிழாக்கியபோது பாட்டு எழுதியவர்கள். நௌஷாத் இசையமைத்த இந்திப் படம் ஒன்று 'வானரதம்' என்ற பெயரில் தமிழ் பேச வந்தபோது, அதற்கு எழுதிய கம்பதாசன் மெட்டுக்கும் கதைக்கும் மட்டுமல்லாமல், திரையில் ஏற்கெனவே இந்தியில் அசைந்துவிட்ட உதடுகளுக்கும் கட்டுப்பட வேண்டியிருந்தது.

எனக்கு இந்தத் தொழிலில் எல்லாவற்றையும்விட ஆச்சரியமாகத் தோன்றுவது வரியின் கடைசி எழுத்தைப் பற்றிய விஷயம். 1949-இல் தம் பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட ஹாமர்ஸ்டைன், அந்தத் தொகுப்பின் முன்னுரையில் பாட்டெழுதும் தொழிலைப் பற்றி மிகுந்த அடக்கத்தோடு எழுதியிருக்கிறார். 'கரோஸல்' என்ற 1945-ஆம் வருஷத்து இசை நாடகத்தில் அவர் எழுதிய ஒரு பாட்டு, மேடையில் நன்றாக எடுபட்டும் வெளியே எதிர்பார்த்தபடி பரவவில்லை. காரணத்தைத் தேடிப் பார்த்த அவர், பாட்டின் கடைசிச் சொல் 'க்' என்ற வல்லின மெய்யில் முடிவதுதான் கோளாறோ என்று சந்தேகித்தார். வாய் சட்டென்று அடைபட்டுப் போவதால் பாடுகிறவர் அந்த இறுதி ஸ்வரத்தில் நின்று நிதானிக்க முடியவில்லை, கேட்கிறவருக்கும் நிறைவு ஏற்படவில்லை என்பது அவருடைய அனுமானம்.

இதைப் படித்தபோது தமிழனாகிய எனக்குச் சற்றுக் கர்வம் உண்டாயிற்று. ஏனெனில் தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. க், ச், ட், த், ப், ற் என்ற ஆறும் நம் மொழியில் சொல்லின் கடைசியில் நிற்பதற்கு அதிகாரம் இல்லாதவை என்பது தொல்காப்பியர் காலத்திலேயே தீர்ந்துபோன விஷயம். அந்த அமெரிக்கக் கவிஞரின் துன்பம் நம்மவர்களுக்குக் கிடையாது. ஆனால் சிறிது யோசித்தவுடன் கர்வம் அடங்கியது. வல்லின மெய்யில் முடியக்கூடாது என்பதற்காகவே தமிழ் அந்த இடத்தில் ஓர் உகரத்தை ஒட்டவைத்திருக்கிறது. காற்று, பாட்டு, நெஞ்சு, அன்பு, அழகு என்று நமக்கு மிகவும் வேண்டிய சொற்களெல்லாம் அந்தக் குற்றியலுகரத்தில் முடிகின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, இந்தக் குற்றியலுகரத்துக்கோ அரை மாத்திரைதான். இசையமைப்பாளர் அந்த இடத்தில் எட்டு எண்ணிக்கைக்கு நீளும் ஒரு கார்வையை வைத்திருப்பார். அரை மாத்திரைக்காரனை எட்டு மாத்திரைக்கு இழுத்தால் 'காற்றூ' என்று விகாரமாக ஊளையிடும்.

இதற்கு நம் பாடலாசிரியர்கள் கண்டுபிடித்த உபாயம் மிக நேர்த்தியானது. காற்றைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுக் காற்றையே கூப்பிட்டார்கள். 'காற்றே' என்றவுடன் வாய் திறந்துகொள்கிறது, ஏகாரம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறது. நெஞ்சு நெஞ்சே ஆயிற்று, அழகு அழகே ஆயிற்று. சில இடங்களில் 'அன்போ' என்று வினாவாகவும், 'அன்பில்' என்று வேற்றுமையாகவும் உருவெடுத்தது. தமிழ்த் திரைப்பாட்டில் நிலவையும் தென்றலையும் மேகத்தையும் ஓயாமல் விளித்துக்கொண்டே இருக்கிறார்களே, இது என்ன பைத்தியம் என்று கேலி செய்யும் பண்டிதர்கள் உண்டு. அந்த விளிக்குக் காதல் எவ்வளவு காரணமோ, மெட்டு கேட்கும் நெடிலும் அவ்வளவு காரணம் என்பது என் அபிப்பிராயம். இலக்கண வகுப்பில் நாம் தூங்கிக்கொண்டே கேட்ட குற்றியலுகரம், இசைத்தட்டின் மேல் இப்படி ஓர் அவதாரம் எடுத்திருக்கிறது.

இந்த நுட்பங்களைப் பெயரிட்டுச் சொல்லத் தெரிந்தும் தெரியாமலும், காதினாலேயே அறிந்து கையாண்டவர்களின் ஜீவிய சரித்திரம் பெரும்பாலும் சுகமானதன்று. செங்கப்படுத்தான்காட்டில் 1930-இல் பிறந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், வயல் வேலையும் உப்பள வேலையும் மாடு மேய்த்தலும் நாடக வேஷமும் என்று பல தொழில்களைச் செய்து பார்த்துவிட்டுப் பாட்டுக்கு வந்தார். 1959-இல், 29-ஆம் வயதில் மறைந்தார். சினிமாவுக்கு அவர் எழுதிய காலம் சில வருஷங்களே. அதற்குள் வயல்வெளியில் பேசும் தமிழ் எந்த மெட்டுக்குள்ளும் கூசாமல் நுழையும் என்பதை அவர் நிரூபித்துவிட்டுப் போனார். கண்ணதாசன் வேறு மாதிரி. 1949-இல் 'கன்னியின் காதலி' படத்தில் எழுதத் தொடங்கிய அவர், பின்னாட்களில் பேனாவைத் தொடுவதே இல்லை. மெட்டைக் கேட்டுவிட்டு வரிகளை வாயால் சொல்லிக்கொண்டே போவார், பஞ்சு அருணாசலம் போன்ற உதவியாளர்கள் எழுதிக்கொள்வார்கள். அகத்தில் சந்தம் ஊறிப்போன ஒருவருக்குத்தான் இது சாத்தியம். சிறந்த பாடலாசிரியருக்கு மத்திய அரசு தேசிய விருது வழங்கத் தொடங்கியபோது, 1968-ஆம் வருஷத்துக்குரிய அந்த முதல் விருது 'குழந்தைக்காக' படத்துக்காக அவரையே அடைந்தது.

ஸ்ரீரங்கத்துக்காரரான வாலியோ, வாய்ப்புக்களைத் தேடி அலுத்து, சென்னையை விட்டே கிளம்பிவிட எண்ணியிருந்த வேளையில், 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய பாட்டு ஒன்றைப் பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிக் காட்டக் கேட்டு, பயணத்தைக் கைவிட்டதாகத் தாமே பல தடவை சொல்லியிருக்கிறார். போட்டியாளர் எழுதிய பாட்டே தம்மை இந்தத் தொழிலில் நிலைநிறுத்தியது என்று சொல்வதற்கு ஒரு பெரிய மனம் வேண்டும். 1963-இல் 'கற்பகம்' வந்தபிறகு அவர் திரும்பிப் பார்க்கவே அவசியம் இருக்கவில்லை. கண்ணதாசனின் 'வனவாச'மும் வாலியின் 'நானும் இந்த நூற்றாண்டும்' என்ற நூலும் இல்லாவிட்டால், இவர்கள் பட்ட பாடுகளில் பாதி நமக்குத் தெரியாமலேயே போயிருக்கும்.

ஆனால் அந்நூல்களிலும் சரி, பத்திரிகைப் பேட்டிகளிலும் சரி, பாடலாசிரியர் பட்ட பாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பாட்டைச் செய்த விதத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்வதில்லை. அமெரிக்காவில் பால் ஸோலோ என்ற பாடலாசிரியர் தம் சக தொழிலாளிகள் பலரைச் சந்தித்து, எந்த எழுத்து எங்கே வர வேண்டும், முதல் வரி எப்படிக் கிடைத்தது, சரணம் எங்கே முட்டிக்கொண்டது என்பன போன்ற கேள்விகளை மட்டுமே சிரத்தையோடு கேட்டு, அந்தச் சம்பாஷணைகளை 1991-இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். நம் நிருபர்கள் பாடலாசிரியரின் எதிரே அமர்ந்தால், இந்த நடிகர் உங்களிடம் என்ன சொன்னார், அந்த இசையமைப்பாளருடன் என்ன மனஸ்தாபம், எவ்வளவு நேரத்தில் எழுதினீர்கள் என்பவற்றுக்கு மேல் போவதில்லை. பத்து நிமிஷத்தில் எழுதினேன் என்று அவர் சொன்னால் ஆச்சரியப்பட்டு அதைத் தலைப்பாக்கிவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பின்னால் திருப்புகழும் தெம்மாங்கும் தாலாட்டும் எத்தனை வருஷங்கள் காதில் விழுந்துகொண்டிருந்தன என்று கேட்பாரில்லை.

கேட்பாரில்லாத நிலை சொத்துரிமையிலும் நெடுங்காலம் இருந்தது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இருந்தும், சினிமாவுக்காகக் கூலி பெற்று எழுதிக் கொடுத்த பாட்டுக்கு முதல் உரிமையாளர் படத் தயாரிப்பாளரே என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவிஞரும் கவிஞர் குடும்பமும் தம் பாட்டு ஊரெங்கும் ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டே வறுமையில் இருக்க நேரலாம் என்பது அதன் பொருள். ராஜ்ய சபையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் விடாது வாதாடியதன் பலனாக, 2012-இல் சட்டம் திருத்தப்பட்டு, பாட்டின் வார்த்தைக்கும் இசைக்கும் உரிய ராயல்டிப் பங்கைக் கர்த்தாவிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்ற பாதுகாப்பு ஏற்பட்டது. நல்ல காரியம் இது. ஆனால் சட்டம் பணத்தைத்தான் பெற்றுத் தரும், கௌரவத்தைப் பெற்றுத் தருவது ரஸிகர்களின் கடமை.

இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் ஒரு பாட்டை ஒலிபரப்புமுன், பாடியவர் பெயரோடும் இசையமைத்தவர் பெயரோடும் எழுதியவர் பெயரையும் கணீரென்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள்கூட உடுமலை நாராயணகவி என்றும் மருதகாசி என்றும் பெயர் சொல்லத் தெரிந்திருந்ததற்கு அந்த வழக்கமும் ஒரு காரணம். இப்போது கைப்பேசியில் ஒரு பாட்டு ஓடுகிறது. படத்தின் பெயரும் நட்சத்திரங்களின் முகமும் அதில் தெரிகின்றன, எழுதினவர் பெயரைக் காண வேண்டுமானால் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேடைக் கச்சேரிகளிலோ, குறிலை நீட்டியும் நெடிலை முறித்தும் பாடப்படும் வார்த்தைகளைக் கேட்டுத் திருத்துகிறவர் யாரும் இல்லை. பிற மொழிக்காரர்களான பாடகர்கள் பலர் தமிழ் உச்சரிப்பை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கற்றுப் பாடிய மரபு நமக்கு உண்டு. அந்தச் சிரத்தை தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் குறைந்து வருவது வருந்தத்தக்கது.

திருத்துறைப்பூண்டி அன்பருக்கும் மற்ற வாசகர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டுதான். பாட்டு ஒன்றைப் பிறருக்கு அனுப்பும்போதோ பாடிக் காட்டும்போதோ எழுதினவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். மூத்த பாடலாசிரியர் எவரையேனும் சந்திக்கும் சந்தர்ப்பம் கிடைத்தால், அவர் பழகிய நடிகர்களைப் பற்றிய பேச்சைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு மெட்டைக் கேட்டதும் அவர் முதலில் எந்த எழுத்தைத் தேடினார் என்று கேளுங்கள், அவர் சொல்லும் விடையை எழுதி வையுங்கள். இசைத்தட்டும் படச்சுருளும் அழிந்தால் பிரதி எங்காவது கிடைக்கக் கூடும். அந்த விடைக்கு வேறு பிரதி கிடையாது.